ஆயிரத்து இருநூறு சதுர அடிக்கு எத்தனை ஜோடி

தினேஷ் கண்ணு,

நேற்று போனில் நீ, "ஏரியா ரெண்டு பேருக்கும் ஈக்வல்தானேம்மா, அப்புறம் என்ன?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது, எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வார்த்தை நேராக வராது. உன் அப்பா இருந்தவரை இதை வைத்தே என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். பாகலூர் ரோட்டில் இருக்கும் நம் மனையை உனக்கும் உன் அக்கா மஞ்சுவுக்கும் பிரித்து எழுத அடுத்த மாதம் நீ புனேயிலிருந்து வருகிறாய். ரிஜிஸ்டர் ஆபீஸில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் கோட்டை மாற்றுவது குதிரைக்கொம்பு. அதற்கு முன்னால், நீ அனுப்பிய பிளானில் இருக்கிற ஒரே ஒரு கோட்டைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. மஞ்சுவும் படிக்கட்டும், மாப்பிள்ளையும் படிக்கட்டும், மருமகள் சௌம்யாவுக்கு நீயே படித்துக் காட்டு. நம் வீட்டில் எல்லோரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் நல்லது செய்யப் பார்த்துத்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ பேராசைக்காரன் இல்லை. மனை, ரோட்டைப் பார்த்து நாற்பது அடி, உள்ளே அறுபது அடி. அதை நீ குறுக்கே வெட்டி, முன்பக்கம் முப்பதுக்கு நாற்பது உனக்கு, பின்பக்கம் முப்பதுக்கு நாற்பது அக்காவுக்கு என்று போட்டிருக்கிறாய். பின்னால் இருப்பவள் ரோட்டுக்கு வர வேண்டுமே என்று, உன் பங்கிலேயே தெற்கு ஓரமாக மூன்றடி அகலத்துக்கு நடைபாதை விட்டிருக்கிறாய். சுற்றுச்சுவர் முழுவதையும் நீயே கட்டித் தருவதாகவும் கீழே எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. பிளான் வந்த அன்று எனக்கும் எல்லாம் சரியாகத்தான் பட்டது. ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். பால் எடுக்கப் போகும்போது பார்ப்பேன், மாவை உள்ளே வைக்கும்போது பார்ப்பேன். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் ஏதோ உறுத்த ஆரம்பித்தது. என்ன உறுத்துகிறது என்று எனக்கே உடனே பிடிபடவில்லை.

நம் ஓசூரில் மனை என்றால் முப்பதுக்கு நாற்பதுதான். எல்லையைத் தாண்டி பெங்களூரு வரைக்கும் அதே பேச்சு. புரோக்கர் அதைத்தான் சொல்வார், பேங்கில் அதைத்தான் கேட்பார்கள், மாப்பிள்ளை பார்க்கப் போனால்கூட "பையனுக்கு ஒரு முப்பது நாப்பது இருக்குதுங்க" என்பார்கள், என்னவோ பையனுடைய உயரத்தையும் எடையையும் சொல்வது மாதிரி. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷை பேசுகிற ஊரில், மூன்றிலும் ஒரே மாதிரி புரிகிற வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதனால் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆயிரத்து இருநூறு சதுர அடி என்று யார் சொன்னாலும் நம் மண்டைக்குள் முப்பதும் நாற்பதும் தானாக வந்து நிற்கிறது. ஆயிரத்து இருநூறுக்கு வேறு ஜோடியே இல்லாத மாதிரி நாம் எல்லோரும் பழகிவிட்டோம்.

எனக்கு ஒரு கிறுக்கு இருப்பது உனக்குத் தெரியும். எந்த எண்ணைப் பார்த்தாலும் அதைக் காரணிகளாக, ஜோடி ஜோடியாகப் பிரித்துப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, வேலைக்குப் போன நாள் முழுக்க பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிக்கு அளவு போட்டவளுக்கு வேறு என்ன கிறுக்கு வரும்? கம்பெனி பஸ்ஸில் போகும்போது முன்னால் போகிற லாரியின் நம்பரைப் பிரித்துக்கொண்டே போவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கங்கம்மா, "ஏன்க்கா வாய் அசையுது, மந்திரமா?" என்று கேட்பாள். அந்தப் பழக்கத்தில்தான் ஒருநாள் காலையில், காபி ஆறிக்கொண்டிருக்க, உன் பிளானின் ஓரத்திலேயே பென்சிலால் ஆயிரத்து இருநூறைப் பிரிக்க உட்கார்ந்தேன். உனக்குத் தெரியாத கணக்கு இல்லை இது. ஆனால் கையால் போட்டுப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நீயே யோசித்துப் பார். அதனால் நான் போட்ட மாதிரியே சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

ஒன்றிலிருந்து தொடங்கினேன். ஒன்றுக்கு ஜோடி ஆயிரத்து இருநூறு. அது எந்த எண்ணுக்கும் கேட்காமலே கிடைக்கிற ஜோடி. ஓரடி அகலம், ஆயிரத்து இருநூறு அடி நீளம். அப்படி ஒரு மனை இருந்தால் அதில் எறும்புதான் வரிசையாகக் குடியிருக்கலாம், ஆனால் பத்திரத்தில் அதுவும் ஆயிரத்து இருநூறு சதுர அடிதான். அடுத்து இரண்டு, ஜோடி அறுநூறு. மூன்றுக்கு நானூறு. நான்குக்கு முந்நூறு. ஐந்துக்கு இருநூற்று நாற்பது. ஆறுக்கு இருநூறு. ஏழு வகுக்காது, மீதி நிற்கும், விட்டுவிட வேண்டியதுதான். எட்டுக்கு நூற்றைம்பது. ஒன்பது வராது. பத்துக்கு நூற்றிருபது, பன்னிரண்டுக்கு நூறு, பதினைந்துக்கு எண்பது, பதினாறுக்கு எழுபத்தைந்து. பதினாறை அவசரத்தில் தாண்டிப் போய்விட்டு, பிறகு எட்டைப் பார்த்துத் திரும்பி வந்து பிடித்தேன்: எட்டை இரட்டித்தால் பதினாறு, நூற்றைம்பதைப் பாதியாக்கினால் எழுபத்தைந்து. இப்படி ஒரு பக்கத்தை இரட்டித்து மறுபக்கத்தைப் பாதியாக்கினால், விட்டுப்போன ஜோடி ஏதாவது இருந்தால் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு இருபதுக்கு அறுபது, இருபத்துநான்குக்கு ஐம்பது, இருபத்தைந்துக்கு நாற்பத்தெட்டு. கடைசியாக முப்பதுக்கு நாற்பது.

கடைசி என்று எப்படித் தெரியும்? சின்ன எண் ஏற ஏற, அதன் ஜோடி இறங்கிக்கொண்டே வருகிறது, பார்த்தாயா? ஒன்று படியேறுகிறது, இன்னொன்று படியிறங்குகிறது. இரண்டும் எங்கோ நடுவில் சந்தித்தாக வேண்டும். முப்பத்தைந்தை முப்பத்தைந்தால் பெருக்கினால் ஆயிரத்து இருநூறைத் தாண்டிவிடுகிறது. ஆகவே முப்பத்துநான்கோடு தேடலை நிறுத்திவிடலாம். முப்பத்தொன்று முதல் முப்பத்துநான்கு வரை எதுவும் வகுக்கவில்லை. அதற்கு மேல் போனால் நாற்பதுக்கு முப்பது, நாற்பத்தெட்டுக்கு இருபத்தைந்து என்று பார்த்த ஜோடியே தலைகீழாக வரும். மொத்தம் பதினைந்து ஜோடி. நாம் ஊரே சேர்ந்து உரிமை கொண்டாடுகிற முப்பது நாற்பது, அந்தப் பதினைந்தில் ஒன்று. சதுரத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பது என்பதைத் தவிர அதற்குத் தனியாக எந்தப் பெருமையும் இல்லை.

இதைப் போட்டு முடித்தபோதுதான் என்னை உறுத்தியது என்ன என்று புரிந்தது. நீ ஏரியாவைப் பார்த்தாய். ஏரியா என்பது இரண்டு எண்ணைப் பெருக்கி வருகிற விடை. பெருக்கிய பிறகு அந்த இரண்டு எண்ணும் விடைக்குள் மறைந்துவிடுகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு, எந்தப் பக்கத்தில் ரோடு, இதெல்லாம் விடையைப் பார்த்தால் தெரியாது. பேக்கிங் செக்‌ஷனில் இதை நான் தினமும் பார்த்தவள். ஒரு அடுக்குக்கு நாற்பத்தெட்டு பீஸ் என்று ஆர்டர் வரும். ஆறுக்கு எட்டு என்று அடுக்கினால் பெட்டி கையில் எடுக்க வாகாக இருக்கும். அதே நாற்பத்தெட்டை மூன்றுக்குப் பதினாறு என்று அடுக்கினால், தூக்கும்போது நடுவில் மடிந்து கொட்டும். ஒருமுறை எடை கூடுகிறது என்று அறுபதிலிருந்து ஒன்றைக் குறைத்து ஐம்பத்தொன்பது ஆக்கிவிட்டார்கள். ஐம்பத்தொன்பதுக்கு ஒன்றை விட்டால் வேறு ஜோடியே கிடையாது, எப்படி அடுக்கினாலும் வரிசை முழுமையாகாது. காலியான அந்த ஒரு குழியில் அட்டையைச் சுருட்டிச் செருகி அனுப்பினோம், இல்லையென்றால் எல்லா பீஸும் ஒன்றோடொன்று உரசி வழியெல்லாம் சத்தம் போடும். எண்ணிக்கை சரியாக இருந்தால் பெட்டியும் சரியாக இருக்கும் என்று எங்கள் செக்‌ஷனில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

உன் சித்தப்பாவை எடுத்துக்கொள். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக ஆயிரத்து இருநூறு சதுர அடி மலிவாக வருகிறது என்று கேட்டதும் ஓடிப்போய் வாங்கினார். நம் வீட்டுக்கு இனிப்போடு வந்து, "அண்ணி, நானும் ஒரு முப்பது நாப்பதுக்கு அதிபதி ஆயிட்டேன்" என்றார். போய்ப் பார்த்தால் பன்னிரண்டுக்கு நூறு. ரோட்டோரம் பன்னிரண்டு அடி, உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கிறது. முன்னால் ஹார்டுவேர் கடை, பின்னால் வீடு என்று கட்டினார். உன் சித்தி சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் கடையில் கேட்காது. இன்றைக்கும் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு இரண்டு பேரும் செல்போனில்தான் பேசிக்கொள்கிறார்கள். நீ சின்ன வயதில் அங்கே போனால் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு சைக்கிள் ஓட்டுவாயே, அந்த வீடுதான். சிரிக்கலாம், அவரே சிரிப்பார். ஆனால் அதுவும் உன் முப்பது நாற்பதும் பத்திரத்தில் ஒரே அளவு என்பதை மறந்துவிடாதே.

சரி, பதினைந்து ஜோடியில் நம் மனைக்கு எது பொருந்தும் என்று அடுத்துப் பார்த்தேன். நாற்பதுக்கு அறுபதை ஒரே நேர்கோட்டில் இரண்டு சம பங்காக வெட்ட வேண்டும், இரண்டும் நாலு மூலையும் சரியாக உள்ள மனையாக இருக்க வேண்டும் என்றால், ஜோடியில் ஒரு எண் நாற்பதாகவோ அறுபதாகவோ இருந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டே இரண்டுதான் தேறுகிறது. ஒன்று நீ போட்ட முப்பது நாற்பது. இன்னொன்று இருபது அறுபது. குறுக்கே வெட்டுவதற்குப் பதிலாக நீளவாக்கில் வெட்டினால், உனக்கு ரோட்டைப் பார்த்து இருபது அடி, அவளுக்கும் ரோட்டைப் பார்த்து இருபது அடி. நடைபாதையே தேவையில்லை. கல்லாவியில் என் அண்ணன்கள் மூவரும் நிலத்தைப் பிரித்தபோது இப்படித்தான் செய்தார்கள். ஆளுக்கொரு நாடா மாதிரி ஒல்லியாக வந்தது, ஏர் ஓட்டுகிற டிராக்டர்காரர் திருப்ப இடமில்லை என்று திட்டினார். ஆனால் மூன்று பேருடைய நிலமும் தார் ரோட்டைத் தொடுகிறது. அறுவடை மூட்டையை எடுக்க யாரும் யாருடைய அனுமதியையும் கேட்பதில்லை. இன்றைக்கும் ஒருவர் வீட்டுப் பொங்கலை இன்னொருவர் வந்து ருசி பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

உன் பக்கத்து நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. இருபதடி அகலத்தில் வீடு கட்டினால் ரயில் பெட்டி மாதிரி இருக்கும் என்பாய். கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். நடு அறைக்கு வெளிச்சம் வராது, அதற்கு நடுவில் ஒரு இடத்தில் வானத்தைப் பார்க்கத் திறந்து விட வேண்டியிருக்கும். சுவரும் கூடுதல்தான். நடுச்சுவர் இரண்டு பேருக்கும் பொது என்று வைத்துக்கொண்டாலும், குறுக்கே வெட்டினால் நாற்பதடி நடுச்சுவர், நீளவாக்கில் வெட்டினால் அறுபதடி. இருபதடி சுவர் அதிகம். நாளைக்கு விற்கப் போனால் முப்பது நாற்பது என்றால் ஆள் வரும், இருபது அறுபது என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். இதெல்லாம் நிஜம், மறுக்கவில்லை. உன் பிளானில் இருப்பது எதுவும் தப்பான கணக்கு இல்லை. ஆனால் நீ கணக்குப் போட்ட இடத்துக்கு நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரியை வரச் சொல்லி, மஞ்சுவையும் அழைத்துக்கொண்டு மனைக்குப் போனேன். மேஸ்திரி நீ கட்டப்போகிற சுவருக்குக் கயிறு பிடித்து, நடைபாதைக்கு சுண்ணாம்புத் தூள் போட்டுக் காட்டினார். காகிதத்தில் மூன்றடி என்றால் ஒன்றும் தெரிவதில்லை. தரையில் இரண்டு வெள்ளைக் கோடு போட்ட பிறகுதான் அது எவ்வளவு ஒடுக்கம் என்று தெரிந்தது. மஞ்சு என்ன செய்தாள் தெரியுமா? தன் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு அதில் நடந்து பார்த்தாள். ஒரு பக்கம் வண்டி, இன்னொரு பக்கம் அவள், முழங்கை கோட்டுக்கு வெளியே. பாதி தூரத்தில் வண்டியை ஓரமாகச் சாய்த்து, அவள் ஒருக்களித்து நடந்தாள். மேஸ்திரி தன் கன்னடத் தமிழில், ரெண்டு பக்கமும் சுவர் வந்துச்சுன்னா இன்னும் சுருங்கித் தெரியும்மா என்றார். மாப்பிள்ளை பாகலூர் ரோஜாத் தோட்டங்களுக்கு ஓட்டுகிற குட்டியானை லாரியை எங்கே விடுவார் என்று நான் கேட்டேன். ரோட்டிலேயே விட்டுக்கொள்வோம் என்றாள். ரோட்டில் விட்டால் உன் வாசலை மறைக்கும். நீ புனேயில் இருப்பாய், வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருப்பாய், கீழே கடைகூடக் கட்டும் எண்ணம் இருக்கிறது என்றாய். வாடகைக்கு வருகிறவர்கள் அந்த மூன்றடியில் பைக்கை நிறுத்துவார்கள், செருப்பு ஸ்டாண்டை வைப்பார்கள், துணி காயப் போடுவார்கள். உன் அக்கா காலையில் கேஸ் சிலிண்டர் வந்தால், முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், கொஞ்சம் வழி விடுங்க என்று கேட்க வேண்டும். அவளுடைய சொந்த வீட்டுக்குப் போவதற்கு.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மஞ்சு கிட்டே வந்தாள். நெற்றியில் வியர்வை, கையில் சுண்ணாம்பு. "அம்மா, தம்பிகிட்ட ஒண்ணும் சொல்லாத. எனக்கு வீட்டுக்குப் போக வழி இருந்தா போதும். தம்பி எப்பிடி சொன்னாலும் எனக்கு சரிதான்" என்றாள்.

கண்ணு, அந்தப் பேச்சுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் சண்டை போட்டிருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். சண்டை போடுகிறவள் மறுநாள் வந்து பேசிவிடுவாள். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்கிறவர்கள் ஒருநாள் பேசாமல் போவார்கள், ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். நீ ஊருக்கு வரும்போது முன்பக்கம் உன் வீட்டில் இறங்குவாய், அவள் பின்பக்கத்திலிருந்து ஒருக்களித்து நடந்து வந்து உன்னைப் பார்க்க வேண்டும். முதல் வருஷம் வருவாள். அடுத்த வருஷம், வேலை இருக்குது என்பாள். எந்தத் தகராறும் இல்லாமலே இரண்டு வீடும் அந்நியமாகிவிடும். எனக்கு இருப்பது நீங்கள் இரண்டு பேர். உங்கள் இருவருக்கும் பங்கு குறைந்துவிடக் கூடாது என்பது இல்லை என் கவலை. ஒருவர் வாசலில் நின்றால் மற்றவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவள் சொல்லாதே என்றாள். சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு அவள் என்மேல் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும், அந்தக் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ இன்னொரு வழி சொல்வாய், எனக்குத் தெரியும். மூன்றடியை ஐந்தடி ஆக்கிவிடுகிறேன் அம்மா என்பாய். ஆக்கலாம். ஆனால் நடைபாதை போக இப்போதே உன் வீட்டுக்கு முப்பத்தேழடி அகலம்தான், அப்போது முப்பத்தைந்துதான். நீ எதற்காக முப்பது நாற்பதுக்கு ஆசைப்பட்டாயோ அது உனக்கும் கிடைக்காது, அவளுக்கும் ரோடு கிடைக்காது. போதாததற்கு, தன் இடத்தில் வழி விட்டவன் என்று நீ காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருப்பாய், வழி வாங்கிக்கொண்டவள் என்று அவள் காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். கூடப் பிறந்தவர்களுக்கு நடுவில் அந்த நினைப்பு ஆகாது. நீளவாக்கில் போட்டால் யாரும் யாருக்கும் எதையும் விட்டுத்தர வேண்டியதில்லை. இருபதடி அகலம்தான், ஆனால் முன்னால் உன் காருக்கும் இடம் இருக்கும், பக்கத்தில் அவர்கள் குட்டியானைக்கும் இடம் இருக்கும். வடக்குப் பக்கம் நீ எடுத்துக்கொள், வாஸ்து பார்க்கிறவர் உனக்கு என்ன சொன்னாரோ அதற்கு அதுதான் வாகு. விற்கும்போது விலை குறையும் என்பாய். கூடப் பிறந்தவள் பக்கத்து வீட்டில் இருக்கிற இடத்தை நீ விற்காமல் இருந்தால் போச்சு. பிளான் வரைகிற பையனிடம் சொல்லி இருபது அறுபதுக்கும் ஒரு வரைபடம் போட்டு வாங்கியிருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். முடிவு உன்னுடையது. நீ குறுக்கேதான் வேண்டும் என்றாலும் நான் வந்து கையெழுத்துப் போடுவேன், அடம் பிடிக்க மாட்டேன். என் மகன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கிறது.

இன்னொரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். உடம்பு ஓய்ந்துபோகிற காலத்தில் நான் மஞ்சு வீட்டில்தான் இருப்பேன். நீ புனேக்கு வந்துவிடு என்கிறாய், சௌம்யாவும் மனசாரத்தான் கூப்பிடுகிறாள், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த ஊரில் நான் யாரோடு வாயாடுவேன்? இங்கே என்றால் கங்கம்மா இருக்கிறாள், காய்கறி வண்டிக்காரர் இருக்கிறார், மூன்று பாஷையிலும் சண்டை போட எனக்கு ஆள் இருக்கிறது. அதனால் ஒருநாள் மஞ்சு வீட்டிலிருந்துதான் நான் புறப்பட வேண்டியிருக்கும். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, அளவு சொல்கிறேன். அன்றைக்கு நீ எப்படியும் வந்துவிடுவாய், எந்த மீட்டிங்கும் உன்னைத் தடுக்காது. வந்து, முன்னால் ஒரு பக்கம் நீதான் தோள் கொடுக்க வேண்டும். தூக்குகிறவர்கள் நான்கு பேர். நான்குக்கு இரண்டே ஜோடிதான்: ஒன்றுக்கு நான்கு, இரண்டுக்கு இரண்டு. உன் மூன்றடியில் ஒன்றுக்கு நான்குதான் போகும், ஒருவர் பின்னால் ஒருவராக. என்னை அப்படித் தூக்க முடியாது, கண்ணு.

அம்மா